கொலையுதிர் காலம்: பேயா, விஞ்ஞானமா? எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த நாவலுக்காக இவ்வளவு சண்டை?

சுஜாதா எழுதிய கொலையுதிர் காலம். எண்பதுகளின் தொடக்கத்தில் குமுதத்தில் தொடராக வந்தது. இன்றைக்கும் கடைக்குப் போனால் புதுப் பதிப்பு கிடைக்கிறது. பாளையங்கோட்டையில் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வெயில் தாழ்ந்த பிறகு, ஒரு வீட்டு மொட்டைமாடியில் பன்னிரண்டு பதிமூன்று பேர் கூடிப் புத்தகம் பேசுவோம். பெயர், தலைவர், சந்தா எதுவும் கிடையாது. ஒரு மாதத்துக்கு ஒரு புத்தகம் என்பதுதான் கணக்கு. ஆனால் இந்த ஒரு நாவலில் மட்டும் மூன்று மாதமாக நிற்கிறோம், இன்னும் ஒரு மாதம் போனாலும் ஆச்சரியமில்லை. புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்விகளைக் கேட்பதால் பதில்களை ஒரு இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: லீனா என்று ஒரு இளம்பெண், அவளுக்கு வரவேண்டிய பெரிய சொத்து, அதைப் பார்த்துக்கொள்ளும் குமார வியாசன் என்ற உறவுக்காரர். கணக்கு வழக்கைப் பார்க்க வக்கீல்கள் கணேஷும் வசந்தும் போகிறார்கள். போன இடத்தில் ஒரு பெண்ணின் ஆவி உலாவுகிறது என்று பேச்சு. பேச்சோடு நிற்காமல் கண்ணுக்கும் தெரிகிறது. அப்புறம் சாவு விழுகிறது. கணேஷ் இதற்கு ஒரு காரணம் இருந்தே ஆகவேண்டும் என்கிறான், வசந்த் இது பேய்தான் பாஸ் என்கிறான்.

நான் இன்னும் படிக்கவில்லை. இதைப் படித்தால் முடிவு தெரிந்துவிடுமா?

யார் செய்தார்கள் என்பதைச் சொல்லமாட்டேன். எப்படி நடந்திருக்கும் என்ற சண்டையைச் சொல்லாமல் இந்தப் பக்கத்தை எழுத முடியாது, அதனால் அதில் கொஞ்சம் வெளியே வரும்.

ஆனால் முடிவு தெரிந்தால் கதை செத்துப்போகும் என்பதை நான் ஒத்துக்கொள்வதில்லை. எங்கள் பக்கம் கோயில் கொடைத் திருவிழாவில் வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்கு இது தெரியும். முத்துப்பட்டன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பாபநாசத்துக்கு மேலே காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனாக நிற்கிறவர் அவர்தான், அவருக்குச் செருப்பு செய்து காணிக்கை போடுகிறார்கள். பொம்மக்கா திம்மக்கா இரண்டு பேரையும் அவர் கட்டியதும், மாடு கொள்ளையடிக்க வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்ததும் கீழே உட்கார்ந்திருக்கிற அத்தனை பேருக்கும் மனப்பாடம். போன வருஷமும் கேட்டார்கள், அதற்கு முந்தின வருஷமும் கேட்டார்கள். இருந்தாலும் மறைந்திருக்கிறவன் பின்னாலிருந்து குத்துகிற இடம் நெருங்கும்போது வில்லில் வீசுகோல் விழுகிற வேகம் கூடும், குடம் அடிக்கிறவர் தலை நிமிராமல் அடிப்பார், பின்பாட்டுக்காரர் "ஆமா" போடுவதுகூடக் குரல் தணிந்து வரும், முன்வரிசையில் பெண்கள் முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொள்வார்கள். தெரிந்த சாவுக்குத்தான் அவ்வளவு பயமும் அழுகையும். ஒரு தடவை படித்ததும் சக்கையாகிப்போகிற திரில்லரும் இருக்கிறது, பத்துத் தடவை படித்தாலும் அந்த இடம் வரும்போது விளக்கைப் போடச் சொல்கிற திரில்லரும் இருக்கிறது. இந்த நாவலின் முதல் பாதி இரண்டாவது வகை.

சரி, பேயா விஞ்ஞானமா? உங்களில் யார் எந்தப் பக்கம்?

இதற்கு ஒரு வரியில் பதில் கிடையாது, ஏனென்றால் கட்சி இரண்டு இல்லை, நாலு.

முதல் கட்சி, கணேஷ் சொன்னால் சொன்னதுதான் என்பவர்கள். பெரும்பாலும் சின்ன வயதுக்காரர்கள். லேசர், ஹோலோகிராம் (ஒளியால் உண்டாக்குகிற முப்பரிமாண உருவம்) என்று அவன் விளக்கம் சொல்லும்போது அவர்களுக்கு ஒரு கதவு திறந்த மாதிரி இருந்திருக்கிறது. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனசு வராது. பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்த சுஜாதா என்ற பொறியாளர் வாரப்பத்திரிகைத் தொடரில் எழுதித்தான் தமிழ்நாட்டில் எத்தனையோ பேர் ஹோலோகிராம் என்ற சொல்லையே முதன்முதலாகக் கேட்டார்கள்.

இரண்டாவது கட்சியில் ஒரே ஒரு ஆள், ஆனால் பத்துப் பேர் பலம். இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற அண்ணாச்சி. அவருக்கு விஞ்ஞானத்தில் நம்பிக்கை இருப்பதால்தான் இந்த விளக்கத்தில் நம்பிக்கை இல்லை. அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். ஹோலோகிராபியை டென்னிஸ் கேபர் 1947-இல் கண்டுபிடித்தார், 1960-இல் லேசர் வந்த பிறகுதான் அது உருப்படியான படமாக மாறியது, 1971-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இதெல்லாம் சரி. ஆனால் அதைப் பதிவு செய்யும்போது பொருளோ படம் பதிகிற தகடோ கண்ணாடியோ ஒளியின் அலைநீளத்தில் ஒரு பங்கு அசைந்தாலும் படம் கெட்டது. தெருவில் லாரி போனால் போதும். அதற்காகத்தான் மணல் நிரப்பிய மேசையில் வைத்து எடுப்பார்கள். பார்க்கிறவனும் அந்தத் தகட்டின் வழியாகப் பார்த்தால்தான் உருவம் தெரியும். தகடும் கண்ணாடியும் இல்லாத வெட்டவெளியில் ஆளுயரத்துக்கு ஒரு பொம்பளை நடந்து போவதைக் காட்டுவது அந்தக் காலத்துச் சாதனத்தால் ஆகாது. "இந்த மிஷினை நம்புறதுக்குப் பேயை நம்பிட்டுப் போயிரலாம், அது லேசு" என்று முடித்தார்.

மூன்றாவது கட்சிதான் என்னை மாற்றிப் போட்டது. நாங்குநேரிப் பக்கத்திலிருந்து பாளையங்கோட்டைக்கு வாழ்க்கைப்பட்டு வந்த மதினி ஒருவர், முதல் இரண்டு கூட்டத்திலும் வாயே திறக்கவில்லை. மூன்றாவது கூட்டத்தில் இந்த இரண்டு கட்சியும் உச்சத்தில் இருக்கும்போது மெதுவாகக் கேட்டார்: "அண்ணாச்சி, பேய் இருக்கா இல்லையான்னே பேசுதீங்க. அவ எதுக்கு வந்தான்னு ஒருத்தரும் கேக்கலியே. அவளுக்கு ஒரு பீடம் போட்டு வருஷத்துக்கு ஒரு பொங்கல் வச்சிருந்தா இம்புட்டு தூரம் வந்திருக்குமா?"

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அவர் சொன்னது வேடிக்கைக்கு இல்லை. எங்கள் வட்டாரத்தில் அநியாயமாகச் செத்தவர்களை, அதிலும் பெண்களை, பேய் என்று விரட்டுவது முதல்படிதான். அடுத்த படியில் அவர்களுக்கு இடம் கொடுத்து, கொடை கொடுத்து, கதையைப் பாடிக் கும்பிட ஆரம்பிப்பார்கள். இசக்கி அம்மனும் அப்படி வந்தவள்தான் என்று கதை இருக்கிறது. அவள் பீடத்தில் பிள்ளை இல்லாதவர்கள் தொட்டில் கட்டுகிறார்கள். அப்படி ஒரு ஊரில் வளர்ந்தவருக்கு இந்த நாவலில் வருகிற ஆவி ஒரு குற்றச்சாட்டு மாதிரித் தெரிகிறது. பேய் உண்மையா என்பது அவருக்குக் கேள்வியே இல்லை. யாருக்கு அநியாயம் நடந்தது, யார் அதை மறைத்தார்கள் என்பதுதான் கேள்வி. யோசித்துப் பார்த்தால் எந்தத் துப்பறியும் கதைக்கும் அதுதானே முதல் கேள்வி.

நாலாவது கட்சி நான். சுஜாதா வேண்டுமென்றேதான் கதவை முழுக்கச் சாத்தாமல் விட்டார் என்று நினைக்கிறேன். விளக்கம் ஒரு பக்கம் ஏறிக்கொண்டே போகும்போது சின்னதாக ஒரு சந்தேகமும் கூடவே வருகிறது. அதுதான் புத்தகத்தை மூடிய பிறகும் ஆளை விடுவதில்லை.

பேயா இல்லையா என்று விட்டுவிடுகிற கதை தமிழில் இதுதான் முதலா?

இல்லை. புதுமைப்பித்தனின் காஞ்சனை அதற்கு எத்தனையோ வருஷம் முந்தியது. வீட்டு வேலைக்கு வந்து சேர்ந்த ஒரு பெண், கதை சொல்கிற எழுத்தாளன், ராத்திரி, ஒரு வாடை. அவ்வளவுதான் சரக்கு. புதுமைப்பித்தன் திருநெல்வேலிக்காரர் என்பதால் சொல்லவில்லை, அந்தச் சிறுகதையில் இருக்கிற குளிர் இந்தப் பெரிய நாவலில் சில அத்தியாயங்களில்தான் இருக்கிறது. முதலில் காஞ்சனையைப் படித்துவிட்டு இதற்கு வாருங்கள். முக்கால் மணி நேரம்கூட ஆகாது.

கணேஷா, வசந்தா?

கணேஷ் 1968-இல் நைலான் கயிறு தொடரில் வந்தவன், வசந்த் பிறகு வந்து சேர்ந்தவன். எங்களில் ஆண்களில் முக்கால்வாசிப் பேர் வசந்த் ரசிகர்கள், பெண்களில் அநேகமாக ஒருவருமில்லை. அவன் பெண்களைப் பார்க்கிற விதமும் அடிக்கிற ஜோக்கும் அந்தக் காலத்தில் கல்லூரிப் பையன்களுக்கு இனித்தது. இன்றைக்குக் கல்லூரியில் படிக்கிற ஒரு பெண் எங்கள் முன்னாலேயே அந்தப் பக்கங்களைச் சத்தமாக வாசித்துக் காட்டி, இதில் எது உங்களுக்குச் சிரிப்பு என்று கேட்டபோது பதில் சொல்ல ஆளில்லை. அவள் கேட்டது சரி. அதற்காக நாவலைத் தூக்கிப் போடவேண்டும் என்று அவளும் சொல்லவில்லை.

ஒரே நாவலைப் படித்தவர்களுக்குள் அபிப்பிராயம் ஏன் இவ்வளவு மாறுகிறது?

எல்லாரும் ஒரே நாவலைப் படிக்கவில்லை என்பதுதான் என் பதில். தொடராகப் படித்தவர்கள் ஒரு நாவலைப் படித்தார்கள், புத்தகமாகப் படித்தவர்கள் வேறு ஒன்றைப் படித்தார்கள்.

என் அத்தையிடம் அந்தத் தொடரின் பைண்டிங் இருக்கிறது. வாராவாரம் பத்திரிகையிலிருந்து பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, கோணூசியால் துளை போட்டு, மெழுகு தேய்த்த நூலால் தைத்து, மேலே ஒரு பழைய காலண்டர் அட்டையை மைதாப் பசையில் ஒட்டியது. தாள் இப்போது டீ நிறத்துக்கு வந்துவிட்டது, ஓரத்தைத் தொட்டால் உதிர்கிறது. ஒவ்வொரு பக்கத்துக்குப் பின்னாலும் வேறு யாரோ எழுதிய துணுக்கு பாதி, விளம்பரம் பாதி. நடுவில் ஒரு வாரம் இல்லை. அந்த வாரப் பத்திரிகையை யாரோ இரவல் வாங்கிப் போய்த் திருப்பித் தரவில்லை. அதற்குப் பதில் பள்ளிக்கூட நோட்டிலிருந்து எடுத்த ஒரு கோடு போட்ட தாளை அத்தை அந்த இடத்தில் வைத்துத் தைத்திருக்கிறார். அதை ஏற்கெனவே படித்திருந்த எதிர்வீட்டு அக்கா சொல்லச் சொல்ல, அந்த வாரத்துக் கதையை நீல மையில் ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதி வைத்திருக்கிறார். இருபது வயதுப் பெண்ணின் நெருக்கமான கையெழுத்து, கடைசி வரியில் "மீதி அடுத்த வாரம்" என்றுகூட இருக்கிறது.

இப்படிப் படித்தவர்களுக்கு ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் நடுவில் ஏழு நாள் இருந்தது. அந்த ஏழு நாளில் குழாயடியிலும் பஸ்ஸிலும் டைப்ரைட்டிங் வகுப்பிலும் ஆளுக்கு ஒரு முடிவு சொல்லிப் பார்த்திருக்கிறார்கள், ராத்திரி கொல்லைப்பக்கம் போக ஒரு ஆளைத் துணைக்கு எழுப்பியிருக்கிறார்கள். பயம் கதைக்குள்ளே மட்டும் இல்லை, வாரம் முழுக்கப் பரவி இருந்தது. நான் இதை ஒரே ராத்திரியில் புத்தகமாகப் படித்தேன். அதனால் எனக்கு அத்தியாயக் கடைசியில் வருகிற திடுக் திடுக் எல்லாம் கொஞ்சம் அதிகப்படியாகவும், பின்பாதி அவசரமாகவும் தெரிந்தது. அத்தைக்கு அப்படித் தெரியவே இல்லை. இரண்டு பேரும் சொல்வது உண்மை. விமர்சனம் எழுதுகிறவர்கள் தாங்கள் எப்படிப் படித்தோம் என்பதையும் ஒரு வரி எழுதினால் பாதிச் சண்டை குறையும்.

திரில்லரெல்லாம் இலக்கியமா?

இந்தக் கேள்வியை எங்களிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் பதிலைக் கையோடு கொண்டுவருகிறார்கள். நான் சொல்வது இதுதான்: தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான பேருக்குப் படிக்கிற பழக்கத்தைக் கொடுத்தவை மாதநாவல்கள். திருச்செந்தூர்ப் பக்கம் காயாமொழியில் பிறந்த ஆதித்தனாரின் தந்திக் குழுமத்திலிருந்து 1969-இல் ராணிமுத்து வந்தது. ஒரு ரூபாய்க்கு ஒரு நாவல். அப்புறம் மாலைமதி, பாக்கெட் நாவல், க்ரைம் நாவல். கோயம்புத்தூர் ராஜேஷ்குமார் ஆயிரத்தைந்நூறு நாவலுக்கு மேல் எழுதியிருக்கிறார். இவற்றை பஸ் ஸ்டாண்டில் வாங்கி, கோவில்பட்டி வருவதற்குள் பாதி முடித்து, மதுரையில் இறங்கும்போது பக்கத்து சீட்காரரிடம் கொடுத்துவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர். அதில் பலதும் மறந்துபோகும், உண்மைதான். ஆனால் அவற்றைக் கேவலமாகப் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

சின்ன வயதில் ஒரு வாடகை நூலகத்தில் எடுத்த பாக்கெட் நாவலில் கடைசித் தாள் கிழிந்துபோயிருந்தது. கொலைகாரன் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அன்றைக்கு அழுதேன். கடைசித் தாளுக்காக ஒரு பிள்ளை அழுகிறது என்றால் அந்த எழுத்தில் ஏதோ இருக்கிறது.

கிராமத்துக் கதை எல்லாம் போரடிக்கும், எனக்குத் திரில்லர்தான் வேண்டும் என்பவர்களுக்கு என்ன கொடுப்பீர்கள்?

கி. ராஜநாராயணனின் கோபல்ல கிராமம். யோசிக்காமல் கொடுப்பேன். கோவில்பட்டி பக்கம் இடைசெவல்காரர், அவருடைய கோபல்லபுரத்து மக்கள் 1991-இல் சாகித்ய அகாதமி வாங்கியது என்பதெல்லாம் இருக்கட்டும். கோபல்ல கிராமத்தில் ஒரு கொலை வருகிறது. தனியாக வருகிற பெண், தண்ணீர் குடிக்கக் குளத்தில் இறங்குகிறாள். நகைக்காக ஒருவன் அவளைத் தண்ணீருக்குள் அமுக்குகிறான். அவள் சாகிற நேரத்தில் அவன் கால் பெருவிரலைக் கவ்விக்கொள்கிறாள். உயிர் போன பிறகும் பல் விடவில்லை. கொலைகாரன் பிணத்தோடு மாட்டிக்கொண்டு தண்ணீரில் நிற்கிறான், ஊர் வந்து பிடிக்கிறது. இதைவிட ஒரு திரில்லர் காட்சி எழுதிவிட முடியுமா? கைரேகை, லேசர், ஒன்றும் வேண்டாம், செத்தவளே சாட்சி. நாங்குநேரி மதினியிடம் இதைப் படிக்கக் கொடுத்தேன். "பார்த்தீங்களா, அவ விடலை" என்றார்.

அப்படியானால் உங்கள் ஆட்களுக்கு மனசுக்குப் பிடித்த புத்தகம் எது?

ஓட்டுப் போட்டுப் பார்த்தோம், ஒன்றும் தேறவில்லை, ஆளுக்கு ஒன்று. இருந்தாலும் இரண்டு மூன்று பேர் சேர்ந்து சொன்னவை இவை.

வண்ணநிலவனின் கடல்புரத்தில். மணப்பாடு கடற்கரை, நாட்டுப் படகான வல்லத்துக்கும் இயந்திரப் படகான லாஞ்சுக்கும் நடக்கிற பகை, பிலோமி என்ற பெண். அதிலும் கொலை இருக்கிறது, ஆனால் படித்தவர்களிடம் கேட்டால் கொலையைச் சொல்லமாட்டார்கள், பிலோமியைத்தான் சொல்வார்கள். அவருடைய ரெயினீஸ் ஐயர் தெரு இன்னும் சின்னது. பாளையங்கோட்டையில் மிஷனரி ரேனியஸ் பெயரில் இருக்கிற தெருவையும் அதன் சில வீடுகளையும் பற்றி. அந்தத் தெருவில் தினமும் நடந்துபோகிற எங்கள் தம்பி ஒருவன் அதைப் படித்த பிறகு அங்கே மெதுவாக நடக்கிறான்.

தொ. பரமசிவனின் பண்பாட்டு அசைவுகள் நாவல் இல்லை. உப்பு, உலக்கை, உரல் என்று அன்றாடப் பொருள்களிலிருந்து வரலாற்றை எடுக்கிற கட்டுரைகள். இயற்பியல் அண்ணாச்சி இதைத்தான் நல்ல துப்பறியும் புத்தகம் என்கிறார், தடயத்தை வைத்துப் பின்னால் போகிறதல்லவா. எனக்கும் அதில் உடன்பாடு.

தோப்பில் முஹம்மது மீரானின் சாய்வு நாற்காலி, வண்ணதாசனின் சிறுகதைகள். இவற்றுக்கு விளக்கம் தேவையில்லை, எடுத்துப் படியுங்கள்.

சுஜாதா எங்கள் பக்கத்தை வைத்து எழுதியிருக்கிறாரா?

பிரிவோம் சந்திப்போம் நாவலின் முதல் பாகம் பாபநாசத்தில் நடக்கிறது. மர்மம் இல்லை, காதல்தான். ரகுபதியும் மதுமிதாவும் நடக்கிற இடங்களைத் தேடிக்கொண்டு எங்களில் நாலு பேர் ஒரு விடுமுறைக்குப் பாபநாசம் மேலணை வரை போய்வந்தோம். அன்று ஆற்றில் தண்ணீர் நிறைய. இடம் எதையும் கண்டுபிடிக்கவில்லை.

சின்னப் பிள்ளைகளுக்கு?

சிவகாசியிலிருந்து 1972 முதல் வருகிற முத்து காமிக்ஸ். இரும்புக்கை மாயாவியில் தொடங்காத வாசகன் எங்கள் தலைமுறையில் குறைவு. பத்து வயதில் அதைக் கொடுங்கள், பதினாலு வயதில் கணேஷ் வசந்தை அவர்களே தேடிப்பிடிப்பார்கள்.

புத்தகங்கள் எங்கே கிடைக்கும்?

பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் முதலில் பாருங்கள். வாங்குவதாக இருந்தால் பொருநை நெல்லை புத்தகத் திருவிழா வரை காத்திருக்கலாம், விலையில் கழிவு கிடைக்கும். பைண்டிங் வேண்டுமென்றால் உங்கள் வீட்டுப் பரணில் ஏறிப் பாருங்கள், பெரியவர்களிடம் கேளுங்கள். எடைக்குப் போடுவதற்கு முன்னால் கேளுங்கள், பல வீடுகளில் அது போய்விட்டது.

அத்தையின் பைண்டிங்கில் இல்லாத அந்த வாரம் கிடைத்ததா?

புத்தகத்தில் அந்தப் பகுதி இருக்கிறதே. போன மாதம் அதைத் திறந்து அத்தை மடியில் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாக முழுதும் வாசித்தார். நாற்பது வருஷத்துக்கு மேல் கழித்து அந்த வாரத்தைப் படிக்கிறார். எதிர்வீட்டு அக்கா இரண்டு இடத்தில் கதையை மாற்றிச் சொல்லியிருக்கிறாள், ஒரு ஆளையே விட்டுவிட்டாள் என்றார். ஜெராக்ஸ் எடுத்து உள்ளே வைத்துத் தைத்துத் தரட்டுமா என்று கேட்டேன். "அது கிடக்கட்டும்ல" என்று சொல்லி, அந்தக் கோடு போட்ட தாளை ஓரம் உதிராமல் மடக்கி உள்ளே தள்ளி, பைண்டிங்கை மூடித் திரும்ப என் கையில் கொடுத்தார்.